துறையும் தோணியும்

யாழ்ப்பாண நகரிலிருந்து நெடுந்தீவுக்குப் போக விரும்புபவர் முதலில் பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் இறங்குதுறையை அடைதல் வேண்டும். அதற்கப்பால் தரைவழி இல்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணத்தின் பின்னரே மறுகரையில் மாவிலித் துறை கண்ணுக்குத் தோன்றும். முருகைக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளும், வெளிகளில் மேய்ந்து திரியும் மட்டக் குதிரைகளும், பருத்து நிற்கும் பெருக்க மரமும் அத்தீவுக்குப் பெயர் தந்தவை. காணச் செல்வோர் அவற்றைக் கண்டு மகிழ்ந்து திரும்புவர். அங்கேயே வாழ்பவர்களுடைய நாளாந்த வாழ்வோ அந்த இறங்குதுறையை நம்பி நடைபெறுகின்றது. அரிசியும் மருந்தும் வருவது அதன் வழியே; மாணவர் மேற்படிப்புக்குப் போவது அதன் வழியே; தீவிலுள்ள மருத்துவமனையில் தீர்க்க இயலாத நோய்க்கு ஆளானவரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு செல்வதும் அதன் வழியே.

அத்துறைக்கு வந்துபோகும் படகுகளைச் சற்று நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். பல்லாண்டுக் காலம் குமுதினி என்னும் படகு அப்பாதையில் ஓடியது. பின்னர் வடதாரகை வந்தது. 2017ஆம் ஆண்டில் நெடுந்தாரகை வந்தது. தனியார் படகுகளும் உண்டு. ஒன்று பழுதுற்றுக் கரையில் ஏற்றப்பட்டால் இன்னொன்று அதன் இடத்தில் ஓடுகின்றது. துறையில் மூட்டை முடிச்சுகளோடு காத்து நிற்பவர் வேண்டுவது அக்கரை சேர்க்கும் ஒரு படகு. அதன் இயந்திரம் எந்த நாட்டில் செய்யப்பட்டது, அதன் உடல் மரத்தாலானதா, இரும்பாலானதா என்பவற்றை அவர் ஆராய்ந்துகொண்டிருப்பதில்லை.

குமுதினியின் பெயரைச் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமற் செல்லுதல் முறையாகாது. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் அப்படகில் பயணம் செய்தவர்களுட் பலர் கடலிலேயே படுகொலை செய்யப்பட்டனர். நெடுந்தீவு மக்களின் நெஞ்சில் அப்பெயர் ஒரு படகின் பெயராக மட்டும் இருக்கவில்லை. மனிதர் குறித்த பொருள்களோடு நினைவினால் பிணைக்கப்பட்டவர்கள். ஒரு படகின் இடத்தில் இன்னொரு படகை வைத்துவிட்டு மறந்துபோ என்று எவரும் அவர்களுக்குச் சொல்ல இயலாது. இங்கே எடுத்துக்கொண்ட விதி மனிதருக்கு உரியதன்று. நினைவும் துயரமும் இல்லாத கணினிச் செய்நிரல்களுக்கு உரியது.

அவ்விதியைத் தீவு மொழியிற் சொன்னால் இவ்வாறு அமையும்: செய்நிரல் எழுதுவோர் துறையை நம்பி எழுதுக, குறித்த ஒரு படகை நம்பி எழுதற்க. துறை என்று இங்கே உவமிக்கப்பட்டதைக் கணினி நூலார் இடைமுகம் என்பர். படகு என்பது அவ்விடைமுகம் தரும் வாக்கை நிறைவேற்றும் வகுப்பு.

இவ்விதியை மிகுதியாகப் பேசுபவர்கள் ஜாவா என்னும் கணினி மொழியைக் கையாளுபவர்களே. அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் கோஸ்லிங் என்பவரும் அவர் கூட்டத்தாரும் 1991இல் தொடங்கிய வேலை 1995இல் அம்மொழியாக உலகுக்கு அறிமுகமாயிற்று. முதலில் ஒரு மரத்தின் பெயரால் ஓக் என்று வழங்கி, பின்னர் சாவகத் தீவின் கோப்பியை நினைந்து ஜாவா என்று பெயர் மாற்றினர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சாவக மன்னன் சந்திரபானுவின் படைகள் ஈழத்துக்கு வந்ததையும், சாவகச்சேரி என்னும் ஊர்ப்பெயரை அவ்வரவோடு இணைத்துச் சொல்லும் வழக்கு உள்ளதையும் அறிந்த யாழ்ப்பாணத்தாருக்கு இப்பெயர் முற்றிலும் புதியதன்று.

ஜாவாவில் வகுப்பு என்பது ஒரு வேலை எவ்வாறு நடைபெறும் என்பதை முழுமையாக எழுதிவைத்த இடம். இடைமுகம் என்பது எந்த வேலைகளைக் கேட்கலாம், அவற்றுக்கு எவற்றைக் கொடுத்தல் வேண்டும், விடையாக எது வரும் என்பவற்றை மட்டும் எழுதிவைத்த இடம். தொடக்கத்தில் ஜாவாவின் இடைமுகங்களில் வேலையின் பெயர் இருக்குமேயன்றி வேலை செய்யும் வரி ஒன்றும் இராது. இடைமுகத்திலிருந்து நேரே ஒரு பொருளை உண்டாக்கவும் இயலாது. இறங்குதுறையின் மீது உட்கார்ந்துகொண்டே அக்கரைக்குப் போய்ச் சேர இயலாதது போல என்க. அதே வேளையில், ஒரு வகுப்பு எத்தனை இடைமுகங்களின் வாக்கையும் ஏற்றுக்கொள்ளலாம். ஒரே படகு குறிகாட்டுவானிலும் அணையலாம், மாவிலியிலும் அணையலாம் அன்றோ?

எடுத்துக்காட்டு ஒன்று இதனைத் தெளிவாக்கும். ஜாவாவின் முதற் பதிப்பிலேயே பல பொருள்களை வரிசையாக வைத்துக்கொள்ளுதற்கு வெக்டர் என்னும் வகுப்பு இருந்தது. ஒரே நேரத்தில் பலர் கைவைத்தால் குழப்பம் நேருமென்று அஞ்சி, அதன் வேலைகளுக்குப் பூட்டுப் போட்டிருந்தனர். தனியொருவர் பயன்படுத்தும்போதும் பூட்டைத் திறந்து மூடும் வேலை மிஞ்சியது. 1998ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த பதிப்பில், ஜோஷுவா பிளாக் என்பவர் வகுத்த தொகுப்பு நூலகம் சேர்க்கப்பட்டது. அதில் லிஸ்ட் என்னும் இடைமுகம் ஒன்று வந்தது. பட்டியலில் ஒன்றைச் சேர், இத்தனையாவது உள்ளதைக் கொடு, எத்தனை உண்டு என்று சொல் என்பன போன்ற வாக்குகளே அதில் உண்டு. அவ்வாக்குகளை நிறைவேற்றப் பூட்டில்லாத அரேலிஸ்ட் ஒன்றும், சங்கிலி போல ஒன்றையொன்று பற்றி நிற்கும் லிங்க்ட்லிஸ்ட் ஒன்றும் வந்தன. பழைய வெக்டரையும் திருத்தி அப்புதிய துறையில் அணையுமாறு செய்தனர்.

அந்நாளில் தம் செய்நிரலின் நூறு இடங்களில் வெக்டர் என்று பெயர் எழுதி வைத்திருந்தவர்கள், புதியதை ஏற்க நூறு இடங்களையும் தேடித் திருத்த வேண்டியதாயிற்று. அதற்குப் பின் எழுதியவர்களுட் சிலர் அதே வழியிலேயே சென்றனர். வெக்டர் இருந்த இடத்தில் அரேலிஸ்ட் என்று எழுதினர். பெயர் புதிது, பிணைப்புப் பழையது. ஏனையோர் தம் முறைகள் பெற்றுக்கொள்வதும் திருப்பிக் கொடுப்பதும் லிஸ்ட் என்றே எழுதினர். அவர்களுக்கு நாளை வேறொரு வகுப்புத் தேவைப்பட்டால், அதனை உண்டாக்கும் ஒரு வரியை மாற்றினாற் போதும். மற்ற வரிகளுக்கு அம்மாற்றம் நிகழ்ந்ததே தெரியாது.

இக்கருத்து ஜாவாவோடு பிறந்ததன்று. 1972ஆம் ஆண்டிலேயே டேவிட் பார்னாஸ் என்பவர், ஒரு செய்நிரலைப் பகுதிகளாகப் பிரிக்கும்போது, நாளை மாறக்கூடிய முடிவுகள் எவையோ அவற்றை ஒவ்வொரு பகுதிக்குள்ளும் மறைத்துவைத்தல் வேண்டும் என்று எழுதினார். 1994இல் எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடிஸ் ஆகிய நால்வர் வெளியிட்ட வடிவமைப்பு நூல் இதனையே தலையாய விதியாக வகுத்துரைத்தது. அதன் பின்னரே இது வகுப்பறை தோறும் ஓதப்படலாயிற்று. ஓதப்படும் விதிகளுக்கு நேர்வது இதற்கும் நேர்ந்தது. பலர் மனப்பாடம் செய்தனர், சிலரே காரணத்தை ஆராய்ந்தனர்.

காரணத்தை ஆராய்வதற்கு மீண்டும் நெடுந்தீவுக்கே செல்லலாம். அத்தீவு நாட்டின் பெரு மின்வலையோடு இணைக்கப்படாத தீவு. பல்லாண்டுகளாக டீசல் மின்பிறப்பாக்கிகளே அங்கு மின்சாரம் தந்துவந்தன. அந்த டீசலும் கடல் கடந்தே வரல் வேண்டும். இந்நிலையை மாற்ற நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் கலப்பு மின்திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆசிய வளர்ச்சி வங்கியின் ஆதரவோடு அவ்வேலை சீனக் கூட்டு நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட இருந்தது. தன் கரைக்கு அண்மையில் இது நிகழ்வதையிட்டு இந்தியா கவலை தெரிவித்தது, அவ்வேற்பாடு நின்றுபோயிற்று. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையைக் கொண்டு அதனை நிறைவேற்ற இரு நாடுகளும் உடன்பட்டன. 2024 மார்ச் 1ஆம் நாள் பெங்களூரைச் சேர்ந்த யு சோலார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மூன்று தீவுகளுக்குமாகச் சூரிய ஒளியிலிருந்து 1700 கிலோவாற்று, காற்றிலிருந்து 530 கிலோவாற்று, 2400 கிலோவாற்று மணி மின்கலச் சேமிப்பு, இவற்றோடு தேவைப்படும்போது கைகொடுக்க 2500 கிலோவாற்று டீசல் பிறப்பாக்கிகள் என்பது திட்டம்.

பணம் தருபவர் மாறினர், கட்டுபவர் மாறினர், எண்ணெயின் இடத்தில் வெயிலும் காற்றும் வருவதாயிற்று. இத்தனை மாற்றங்களுக்கும் இடையே நெடுந்தீவில் ஒரு வீட்டின் சுவரிலுள்ள மின்செருகி மாற வேண்டியதில்லை. 230 வோல்ற்று, நொடிக்கு 50 சுழற்சி என்னும் வாக்கு நிறைவேறும் வரையில், அவ்வீட்டு மின்விளக்கும், மீன் கெடாமல் வைக்கும் குளிர்பெட்டியும், மருத்துவமனையில் மருந்து வைத்திருக்கும் பெட்டியும் முன்போலவே இயங்கும். குளிர்பெட்டி வாங்கியவர் அதனை டீசல் குளிர்பெட்டி என்று வாங்கவில்லை. அவ்வாறு ஒன்று விற்கப்பட்டிருந்தால், மின்திட்டம் நிறைவேறும் நாளில் தீவிலுள்ள ஒவ்வொரு வீட்டாரும் புதுக் குளிர்பெட்டி வாங்க நேர்ந்திருக்கும்; அதற்கு அஞ்சித் திட்டமே வேண்டாமென்றும் சொல்லியிருப்பர். குறித்த வகுப்பின் பெயரைச் செய்நிரல் முழுதும் எழுதி வைப்பதால் வரும் கேடு இதுவே. மாற்றம் கடினமாவது ஒருபுறமிருக்க, மாற்றத்தை விரும்புவோரே இல்லாமற் போகின்றனர்.

இவ்வுவமையில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கின்றது. செருகியின் துளைகள் பொருந்துகின்றனவா என்பதைச் செருகிப் பார்த்தே அறிந்துவிடலாம். வோல்ற்றளவு சரியாக உள்ளதா என்பதை அவ்வாறு அறிய இயலாது. 120 வோல்ற்றுக்குச் செய்த அமெரிக்க விளக்கை ஏதோ ஓர் இணைப்பானின் உதவியோடு இங்கே செருகலாம்; அடுத்த கணம் அது எரிந்துபோகும். ஜாவாவின் தொகுப்பியும் துளைகளை மட்டுமே பார்க்கும். சேர் என்னும் வேலை ஒரு வகுப்பில் இருக்கின்றதா, அது கேட்கும் பொருள் பொருந்துகின்றதா என்று பார்த்து உள்ளே விட்டுவிடும். அவ்வேலை உண்மையாகவே சேர்க்கின்றதா என்பது அதற்குத் தெரியாது. ஒன்றின் இடத்தில் நிற்க வரும் இன்னொன்று, முன்னதனிடம் பயனாளர் எதிர்பார்த்த நடத்தையையும் காப்பாற்றுதல் வேண்டும் என்று 1987இல் ஒரு பேருரையில் எடுத்துரைத்தவர் பார்பரா லிஸ்கோவ் அம்மையார். 2008ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

ஜாவாவின் சொந்த நூலகமே இவ்விடத்திற் சறுக்குவதுண்டு. 2017இல் வந்த ஒன்பதாம் பதிப்பில், லிஸ்ட் இடைமுகத்தின் வழியாகவே மாற்ற இயலாத பட்டியலொன்றை ஆக்கிக்கொள்ளும் வசதி தரப்பட்டது. அதனிடம் சேர் என்று கேட்டால் சேர்க்காது; ஆதரிக்கப்படாத செயல் என்று விதிவிலக்கை எறியும். சேர்ப்பது முதலான சில வேலைகள் விருப்பத்துக்குரியவை என்று இடைமுகத்தின் விளக்கக் குறிப்பில் தொடக்கத்திலிருந்தே எழுதப்பட்டிருக்கின்றது என்பது அவர்கள் தரப்பு விடை. துறைக்குப் படகு வந்துவிட்டது, ஆனால் இதில் மூட்டை ஏற்றலாகாது என்று அறிவிப்புப் பலகை தொங்குகின்றது என்றால், மூட்டையோடு நிற்பவர் அவ்விடையைக் கேட்டு அமைதியடைவாரோ?

இதற்கு மறுதலையான தவறும் ஒன்று உண்டு. வாக்களிக்கப்படாத ஒன்றை நம்பி வாழ்வது அது. ஹாஷ்மேப் என்னும் வகுப்பு தன்னுள் இட்ட பொருள்களை எந்த ஒழுங்கில் திருப்பிக் கொடுக்கும் என்று எக்காலத்தும் உறுதி தந்ததில்லை. ஆயினும் அது கொடுத்துவந்த ஒழுங்கையே பலர் பழக்கத்தால் நம்பினர். 2014இல் வந்த எட்டாம் பதிப்பில் அதன் உள்ளமைப்பு மாறியது. ஒழுங்கும் சில இடங்களில் மாறியது. அதனை நம்பி எழுதிய சோதனைகள் இடறி விழுந்தன. படகின் ஊதல் ஒலியைக் கேட்டு அடுப்பில் உலை வைத்துப் பழகியவர், ஊதல் இல்லாத படகு வந்த நாளில் யாரைக் குறைகூறுவது?

இனி, இவ்விதியைத் தீவின் தேவையொன்றில் வைத்துப் பார்க்கலாம். மாவிலித் துறையில் படகேறுவோரின் பெயர்களைப் பதிவதற்கு ஜாவாவில் ஒரு செய்நிரல் எழுதப்படுவதாகக் கொள்ளலாம். இது விளையாட்டு வேலையன்று. கடற்படகொன்றில் அளவுக்கு மிஞ்சி ஆட்கள் ஏறினால் என்ன நேரும் என்பதைத் தீவார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எத்தனை பேர் ஏறியிருக்கின்றனர், அவர்கள் யாவர் என்பதற்குப் பிழையற்ற விடை எந்நேரமும் கையில் இருத்தல் வேண்டும்.

எழுதுபவர் பதிவேடு என்று ஓர் இடைமுகம் வகுக்கின்றார். ஒரு பெயரைப் பதி, ஒரு பெயரைத் தேடு, இப்படகில் எத்தனை பேர் என்று சொல் என மூன்று வேலைகள் அதில் உண்டு. தொடக்கத்தில் தீவிலுள்ள கணினியின் ஒரு கோப்பில் எழுதிவைக்கும் வகுப்பு அவ்வாக்கை நிறைவேற்றும். பின்னொரு நாள் யாழ்ப்பாணத்திலுள்ள தரவுத்தளத்தில் எழுதும் வகுப்பு அதன் இடத்துக்கு வரலாம். அத்தரவுத்தளத்தை எந்த நிறுவனம் செய்தது என்பதும் மறைந்தே இருக்கலாம். ஜாவாவுக்கும் தரவுத்தளங்களுக்கும் இடையே 1997 முதல் நிலவும் ஜேடிபிசி என்னும் ஏற்பாடே பெரும்பாலும் இடைமுகங்களால் ஆனது. ஒவ்வொரு தரவுத்தள நிறுவனமும் தனக்குரிய இயக்கியைத் தந்து அவ்வாக்குகளை நிறைவேற்றுகின்றது. சோதித்துப் பார்க்கும் வேளையில் நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கும் ஒரு பொய்ப் பதிவேட்டையும் வைக்கலாம். நூற்றொன்றாவது ஆள் ஏற முயன்றால் எச்சரிக்கை எழுகின்றதா என்று பார்க்க உண்மையில் நூறு பேரைப் படகில் ஏற்ற வேண்டியதில்லை.

எந்த வகுப்பு என்பதை எங்கேனும் ஓரிடத்திற் சொல்லத்தானே வேண்டும் என்னும் ஐயம் எழலாம். வேண்டும். செய்நிரல் தொடங்கும் இடத்தில் ஒருமுறை சொல்லி, அங்கு உண்டாக்கிய பொருளை மற்ற வகுப்புகளின் கையிற் கொடுத்துவிடுவர். வேண்டியதைத் தானே தேடிப் போகாமல் வெளியிலிருந்து பெற்றுக்கொள்ளும் இம்முறைக்கு, சார்பை உட்செலுத்துதல் என்னும் பொருளுடைய பெயரை 2004இல் மார்ட்டின் ஃபவுலர் ஒரு கட்டுரையால் நிலைபெறச் செய்தார். அதே ஆண்டில் முதற் பதிப்பு வெளிவந்த ஸ்பிரிங் என்னும் கட்டமைப்பு இதனையே தொழிலாகக் கொண்டது. பெயர் பெரிது, செய்கை எளிது.

இவ்வளவும் ஒழுங்காக நடந்த பின்னரும், அப்பதிவேட்டில் உயிருக்கு உலைவைக்கும் ஒரு குறை ஒளிந்திருக்கின்றது. கோப்பில் எழுதும் வகுப்புக்குப் பதிலாக யாழ்ப்பாணத் தரவுத்தள வகுப்பை வைத்த அன்று, பதி என்னும் அதே சொல்லுக்கு இடையே கடல் வந்துவிட்டது. தீவில் எழுதுவது கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும். கடலுக்கு அப்பால் எழுதுவது தாமதமாகலாம். தொடர்பு அறுந்தால் முடியாமலே போகலாம். அதைவிடக் கொடியதாக, எழுதப்பட்டதா இல்லையா என்றே தெரியாமற் போகலாம். நெடுந்தீவில் முருகைக் கல்லாற் கட்டிய புறாக்கூடு ஒன்று இன்றும் நிற்கின்றது. ஒல்லாந்தர் காலத்தில் அதிலிருந்து புறாக்கள் வாயிலாகச் செய்திகள் அனுப்பப்பட்டன என்பர். புறாவை விட்டவருக்கு அது பறந்தது தெரியும். போய்ச் சேர்ந்தது தெரியாது. கணினி வலையின் இயல்பும் அத்தகையதே.

ஜாவாவைப் படைத்த சன் நிறுவனத்திலேயே இதனை முன்கூட்டி எச்சரித்தவர்கள் இருந்தனர். 1994ஆம் ஆண்டில் ஜிம் வால்டோ, ஜெஃப் வயண்ட், ஆன் வோல்ராத், சாம் கெண்டால் ஆகியோர் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். அருகிலுள்ள பொருளையும் வலைக்கு அப்பாலுள்ள பொருளையும் ஒரே இடைமுகத்தால் மூடி, இரண்டும் ஒன்றே என்று காட்ட முயல்வது தோல்வியிலேயே முடியும் என்பது அவர்கள் கண்ட முடிவு. தாமதமும், பாதியில் நேரும் முறிவும் இடைமுகத்திலேயே வெளிப்பட்டு நிற்றல் வேண்டும் என்றனர். ஜாவாவில் தொலைவிலுள்ள பொருளை அழைக்கும் வசதி வந்தபோது, அத்தகைய இடைமுகத்தின் ஒவ்வொரு முறையும் தொலைத் தொடர்பு முறியலாம் என்பதைத் தன் தலைப்பிலேயே அறிவித்தல் கட்டாயமாயிற்று. அழைப்பவர் அதற்கு விடை எழுதாமல் தொகுப்பி அவரை மேலே செல்ல விடாது. எரிச்சலூட்டும் கட்டாயம் என்று பலர் முணுமுணுத்தனர். இடைமுகம் படகை மறைக்கலாம், கடலை மறைக்கலாகாது என்பதை உணர்ந்தவர்களுக்கு அக்கட்டாயத்தின் நேர்மை விளங்கும்.

ஆதலால் படகுப் பதிவேட்டை எழுதுபவர் மூன்று வேலைகளையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. படகில் எத்தனை பேர் என்னும் கேள்விக்கு விடை தீவின் கரையிலேயே, வலையின் தயவின்றிக் கிடைத்தல் வேண்டும். ஏனெனில் படகோட்டி யாழ்ப்பாணத்திலிருந்து மறுமொழி வரும்வரை கயிற்றை அவிழ்க்காமல் நிற்கப் போவதில்லை. அக்கரைக்குப் பெயர்களை அனுப்புவது தனியொரு வேலை. அதற்குத் தனியொரு இடைமுகம் வேண்டும். அது சேர்ந்தது, காத்திருக்கின்றது, தெரியவில்லை என மூவகை விடைகளையும் மறைக்காமற் சொல்லுதல் வேண்டும். இடைமுகம் வகுப்பதில் உள்ள அறிவு, வேலைகளுக்குப் பெயர் சூட்டுவதிலன்று, எந்த வேறுபாடு பயனாளருக்கு வேண்டாதது, எது அவர் அறிந்தே தீரவேண்டியது என்று பிரித்துக் காண்பதிலேதான் இருக்கின்றது.

வகுத்த இடைமுகத்தைப் பின்னர் மாற்றுவது எளிதன்று. படகை மாற்றினால் ஒரு படகு மாறும். துறையின் உயரத்தை மாற்றினால் அங்கு அணையும் படகுகள் யாவும் திண்டாடும். இலங்கையில் வட்ட முனைச் செருகிகளும் சதுர முனைச் செருகிகளும் நெடுங்காலம் கலந்து வழங்கிய பின்னர், 2010களின் பிற்பகுதியில் 13 அம்பியர் சதுர முனைச் செருகியையே நாட்டின் தரமாக்க முற்பட்டபோது, வீட்டிலுள்ள பழைய பொருள்களை என்ன செய்வது என்னும் கேள்வி எழுந்தது இயல்பே. ஜாவாவும் அவ்விக்கட்டிற் சிக்கியது. பழைய தொகுப்பு இடைமுகங்களில் புதிய வேலையொன்றைச் சேர்த்தால், உலகெங்கும் அவற்றை நிறைவேற்றி எழுதப்பட்ட வகுப்புகள் யாவும் வாக்குத் தவறியவை ஆகிவிடும். பல ஆண்டுகள் கைவைக்க அஞ்சியிருந்து, 2014இன் எட்டாம் பதிப்பில், இடைமுகத்துக்குள்ளேயே இயல்பான ஒரு செய்முறையை எழுதிவைக்கும் வழியைக் கண்டனர். புதிய வேலையைத் தாமே எழுதாத பழைய வகுப்புகளுக்கு அச்செய்முறை உதவும். இடைமுகத்தில் வேலை செய்யும் வரி இராது என்னும் பழைய தூய்மை அத்தோடு போயிற்று. அதற்காக வருந்தியவர்களும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் படகுகளை நிறுத்தாமல் துறையைத் திருத்த வேறு வழி காண்பது அரிது.

விதியை மிகுதியாகப் பற்றிக்கொண்டவர்களையும் குறிப்பிடுதல் வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் இடைமுகம் என்று கணக்கு வைத்து எழுதுவோர் பலர். அவ்விடைமுகத்தை நிறைவேற்றுவது என்றும் ஒரே வகுப்பு. இடைமுகத்தில் உள்ள பெயர்களும் அவ்வகுப்பில் உள்ள பெயர்களின் படியே. அதனைப் படிப்பவர் ஒரு வேலை எங்கே நடக்கின்றது என்று அறிய இரண்டு கதவுகளைத் திறக்க வேண்டியதாகின்றது. ஒரு பெயரையும் ஒரு வயதையும் சேர்த்து வைத்திருக்கும் சிறு வகுப்புக்கு இடைமுகம் எதற்கு? முறைக்குள்ளேயே தோன்றி மறையும் ஒரு சிறு பட்டியலை அரேலிஸ்ட் என்றே அழைத்தாலும் கேடொன்றும் வந்துவிடாது. மாறக்கூடியது எது, கடலுக்கு அப்பால் உள்ளது எது, வேறொருவர் கையில் இருப்பது எது என்று பார்த்து, அவ்விடங்களில் துறை கட்டினாற் போதும். வீட்டு முற்றத்திலுள்ள கிணற்றுக்கும் சமையலறைக்கும் இடையே எவரும் இறங்குதுறை கட்டுவதில்லை.

படகுப் பதிவேட்டுச் செய்நிரலில் அத்தகைய இடங்கள் இரண்டே: பெயர்கள் தங்கும் இடம், பெயர்கள் கடல் கடக்கும் இடம். தொடக்க வரிகளில் அவ்விரண்டுக்கும் உரிய வகுப்புகளின் பெயர்கள் ஒருமுறை வரும். படகில் ஏறியோரை எண்ணி எச்சரிக்கும் பகுதியில் கோப்பு என்ற சொல்லும் இராது, தரவுத்தளம் என்ற சொல்லும் இராது. பதிவேடு என்பது மட்டுமே இருக்கும். சோளகக் காற்று வலுத்துத் தொடர்பு அறுந்த ஒரு காலைப் பொழுதில், படகில் எத்தனை பேர் என்று கேட்டவருக்கு அவ்விடத்திலேயே விடை கிடைக்கும். யாழ்ப்பாணத்துக்குப் போகவேண்டிய பெயர்கள், காத்திருக்கின்றன என்னும் குறியோடு, காற்றுத் தணியும் வரை வரிசையில் நிற்கும்.